கொடி மாறினால் மதகை யார் திறப்பது?

சோரியாங்குப்பம் காசம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பிரெஞ்சு ஆட்சி போகலாமா, இருக்கலாமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாளில், யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டது அவர்தான்.

புதுச்சேரியிலிருந்து வந்த பேச்சாளர் ஊர் நிர்வாக அலுவலகமான மேர் கச்சேரி வாசலில் நின்று இரண்டு மணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். இடுப்பில் கூடையோடு காசம்மாள் எழுந்தார்.

"கொடி மாறுற அன்னிக்கு மதகை ஆரு தொறப்பாங்க?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்யப்படும் என்றார் பேச்சாளர்.

"அந்த ஏற்பாடு பண்றது ஆருன்னுதாங்க கேக்கறேன்."

பேச்சாளர் சோடா கேட்டார்.

பாகூர் ஏரி எங்கள் பக்கம். அதற்குப் பெண்ணையாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலின் தலைமதகு அந்தப் பக்கம், இந்தியாவில். ஒவ்வொரு ஆவணியிலும் எங்கள் ஆட்கள் எல்லை தாண்டிப் போய், அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து தூர் வாரி, மதகைத் திறந்துவிட்டு வருவார்கள். நாற்பத்தொன்பதில் எல்லையில் சுங்கச் சாவடி வந்தது. மண்வெட்டி இரும்புச் சாமான், சீட்டு இல்லாமல் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தூர் வாராவிட்டால் ஏரி நிரம்பாது. காசம்மாள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட அரைக் காணி கடைமடையில் இருந்தது. அதை ஒட்டி எங்கள் அப்பாவின் நிலம்.

அந்த வருஷம்தான் நான் பி.ஏ. தேறியிருந்தேன், எங்கள் தெருவில் முதல் ஆள். பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு சர்க்காருக்கும் மனு எழுதினேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. பதிலும் கிடையாது.

காசம்மாளின் மகள் தனக்கொடி வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்து ஊரில். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சாவடியில் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒருநாள் கூடை இல்லாமல் போனார். காவல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே சம்பந்தி பச்சையப்பனிடம் போய், எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வருவார்கள், உங்கள் ஊர் மண்வெட்டிகளைக் கொடுப்பீர்களா என்று கேட்டார்.

பச்சையப்பன் யோசித்தார். நாளைக்கு நீங்கள் வேறு நாடு என்றே ஆகிவிட்டால் என்ன செய்வது என்றாராம்.

"ஆனா இன்னாண்ணே? உன் பேரனுக்கு நான் ஆயா இல்லன்னு ஆயிடுமா?"

அடுத்த திங்கள்கிழமை நாற்பது பேர் கையை வீசிக்கொண்டு சாவடியைக் கடந்தோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, முன்னால் போன காசம்மாள் சம்பந்தி வீட்டுக்கு என்றார். பொய்யில்லை. அந்த ஊர் மண்வெட்டிகளுக்குக் காம்பு குட்டை. முதுகு போச்சு என்று எங்களோடு வந்த சுப்புராயன் மூன்று நாளும் முனகினார். நீ நெட்டையாய்ப் பிறந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று காசம்மாள் அவர் வாயை அடைத்தார். நான் மண்கூடை சுமந்தேன். பட்டம் அதற்குத் தடையாக இல்லை.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தையில் புது அரிசி வந்தது. நன்றிக்கு ஒரு மூட்டை அனுப்பலாம் என்றால், அரிசி சாவடியைத் தாண்டாது. மண்வெட்டி கொடுத்த வீட்டார் அத்தனை பேரையும் வெறுங்கையோடு இங்கே வரச் சொன்னார் காசம்மாள். தெருவே சேர்ந்து சமைத்தது. மூன்றாம் முறை சோறு வந்தபோது பச்சையப்பன் இரண்டு கையாலும் இலையை மறைத்தார்.

"சாப்புடுண்ணே. வயித்துல போறதுக்குச் சுங்கம் இல்ல."

நான் வேலை தேடி அலைந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த விளைச்சலால்தான். மதகை யார் திறப்பது என்பதற்கு எந்தச் சர்க்காரும் இன்னும் எழுத்தில் பதில் தரவில்லை. அடுத்த ஆவணிக்கு மண்வெட்டிகளைத் தட்டிவைத்திருப்பதாகப் பச்சையப்பன் சொல்லியனுப்பியிருக்கிறார். சுப்புராயனுக்கு மட்டும் நீளக் காம்பு போட்டிருக்கிறாராம்.