கிழிந்த சான்றிதழ்

எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டு வரி பார்க்கும் அக்காவுக்கு ‘நாள் கணக்கு’ என்று பட்டப்பெயர். கம்பெனி கொடுத்த பங்குகளுக்கு வரி எவ்வளவு என்று யார் வந்தாலும், “எந்த நாட்டுல எத்தனை நாள் வேலை பார்த்தீங்க?” என்றுதான் முதலில் கேட்பார்.

அன்று வந்த என்ஜினியருக்கு, வெளிநாட்டில் இருந்தபோது கம்பெனி தருவதாக அறிவித்த பங்குகள் இங்கே குடிவந்த பிறகு கைக்கு வந்திருந்தன. இரண்டு நாடுகளும் வரி பிடித்திருந்தன. அக்கா நாட்களைப் பிரித்து எழுதி, அந்த நாடு முத்திரை குத்திக் கொடுத்த அசல் வரிச் சான்றிதழோடு பின் அடித்து நீட்டினார். இரண்டு நாட்டுப் பெயரையும் மறுபடி பார்த்ததும் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“இன்னும் ரெண்டு பக்கமும் தண்டம் அழணுமா?”

எல்லாவற்றையும் சுக்குநூறாகக் கிழித்தான். அக்காவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதியதில் அவர் நாக்கு கடிபட்டது. அக்கா மேசையிலிருந்த பஞ்சிங் மெஷினை எடுத்து அவன் மூக்கில் ஒரே போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வாயில் ஊறிய ரத்தத்தைக் குப்பைத்தொட்டியில் துப்பினார் அக்கா.

“கட்டுறதுக்கு இல்லடா அது. அங்க கட்டினதைக் காட்டி, இங்க பிடிச்சதைத் திரும்ப வாங்குற தாள். இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

அவன் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

“தலையைத் தூக்கிப் பொறுக்கு,” என்றார் அக்கா. “முத்திரை மேல ரத்தம் சொட்டுது.”