தறிக்குழிக்குள் ஓடிய கேபிள்

ஒரே இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் பிடித்த பிழைப்போ, ஆபீஸ்களில் பிரிண்டர் வைத்து நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுப்பது. அதாவது, காத்திருக்கவும் என்று திரை சொல்லச் சொல்ல, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பது. உனக்கு நல்லா வேணும் என்று என் அம்மா சிரிப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அவர் வரைகிற கிராஃபைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தால், அதைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டையைக் குத்துவார்கள். பல வருடம் ஒரு ஜவுளிக் கடைக்குச் சம்பளத்துக்கு வரைந்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாக ஆரம்பித்திருந்தார். மாடியில் இரண்டு பெண்கள் வரைவார்கள். கீழே முன்னறையில் அவரும், புதிதாக வாங்கிய பெரிய மெஷினும். அச்சு, ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் அது ஒன்றிலேயே.

அந்த முன்னறைதான் சிக்கல். அதில் முன்பு அவருடைய கணவரின் அண்ணன் தறி போட்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் அக்கா அவரைப் பாவா என்பார். தறி பின்கட்டுக்குப் போயிருந்தாலும், நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழி அப்படியே இருந்தது. அதன்மேல் பலகை அடுக்கி, பலகைமேல் மேஜை போட்டு, மேஜைமேல் மெஷின். மாடியில் இருக்கும் ரௌட்டரிலிருந்து கேபிளைச் சுவரோரமாக இறக்கி, காலில் மாட்டாமல் இருக்கட்டும் என்று குழிக்குள்ளேயே ஓட்டினேன். மூன்று கம்ப்யூட்டரிலும் சோதனைத் தாள் பளிச்சென்று வந்தது. அக்கா மெஷினின் மூடிமேல் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். எனக்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கிராஃப் பாதியில் நின்றுவிடுகிறது என்று போன் வந்தது. போனேன். சின்னத் தாள்கள் ஒழுங்காக வந்தன. கிராஃப் மட்டும், பெரிய ஃபைல் என்பதால், மேல்பாதி வந்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டது. மெஷினின் நெட்வொர்க் முகவரியை மறுபடி அமைத்தேன். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ரௌட்டரை அணைத்து எழுப்பினேன். கேபிளின் இரண்டு நுனியிலும் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. கேபிளில் குறையில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினேன்.

மறுபடி போன். மறுபடி போனேன். ஒவ்வொரு முறையும் பாவா பின்கட்டு வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், பார்ப்பார், போய்விடுவார். அவர் ஒரு கெடு வைத்திருப்பதாக அக்கா சொன்னார். அவருக்குக் கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது, இன்னொரு தறி போட வேண்டும், வெளிச்சம் விழுகிற அறை அது ஒன்றுதான். அமாவாசை அன்று நெசவு கிடையாது. அதற்குள் மெஷின் சரியாக ஓடினால் சரி, இல்லையென்றால் அன்றைக்குப் பலகையை எடுத்துவிட்டுத் தறி இறங்கும். மெஷினை வைக்க அந்த வீட்டில் வேறு இடமில்லை. அக்கா மறுபடி ஜவுளிக் கடை முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின இரவுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் விடிந்ததும் கெட்டுக் கிடந்ததென்றால், கெடுத்தால் லாபம் யாருக்கு என்று கணக்குப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அறையப் பூட்டி வைங்கக்கா. யாரோ கைய வைக்கிறாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பின்கட்டில் தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது.  அன்றிலிருந்து அக்கா பாவாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று மாடியில் வரையும் பெண்களில் ஒருத்தி பிறகு சொன்னாள்.

அமாவாசைக் காலையில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என்னால்தான் இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம் இல்லாமல், காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. முன்னறையில் மெஷினை மேஜையோடு ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பாவாவோடு இரண்டு ஆட்கள் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அழுது முடித்த முகம்.

என் கேபிளையாவது சுருட்டிக்கொண்டு போவோம் என்று குழிக்குள் இறங்கினேன். பழைய தறிச் சாமான்கள் மூலையில் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், நான் பார்க்காத ஓர் இடத்தில், கேபிளின் மேல்தோல் ஒரு முழ நீளத்துக்கு உரிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் அறுந்து, பிறகு பிணைக்கப்பட்டிருந்தன. பச்சை பச்சையோடு, வெள்ளைப்பச்சை வெள்ளைப்பச்சையோடு, ஒன்றுகூட மாறவில்லை. ஒவ்வொரு பிணைப்பின் மேலும் பட்டு நூல் சுற்றியிருந்தது. எட்டும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, வாரி விட்டதுபோல் நேராகப் படுத்திருந்தன. தொட்டேன். விரலில் சாம்பல் ஒட்டியது.

கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது சும்மா இல்லை. ஒரு ஜோடியின் சலசலப்பு இன்னொன்றின்மேல் ஏறாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. அதைப் பிரித்து நேராக்கினால் டெஸ்டரில் விளக்கு எரியும், சின்னத் தாள் போகும், பெரிய ஃபைல் திக்கித் திணறும். ஆனால் தறியின் நெடுக்கு இழையான பாவைப் பிணைக்கிறவர் கண்ணுக்கு, ஓர் இழை இன்னோர் இழையைச் சுற்றிக்கொண்டிருந்தால் அது சிக்கு. சிக்கை எடுக்காமல் அவர் எப்படிப் பிணைப்பார்? தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவை அதன் நுனியோடு சேர்க்கும்போது, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இழை இழையாக இப்படித்தான் செய்வார்கள்.

எல்லாரும் கேட்கும்படி இதைச் சொன்னேன். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அக்கா குழியோரம் குந்தி, அந்த முழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க கை, பாவா" என்றார்.

பாவா பலகையைக் கீழே வைத்தார்.

"எலி கடிச்சிட்டு இருந்துதுமா. பழைய தறி நாடா எடுக்கலாம்னு ராத்திரி ஓரப் பலகையத் தூக்கினேன், பாத்தேன். உங்கிட்ட சொன்னா நீ பயந்துக்கினு கெடப்ப. விடிஞ்சா உனக்கு வேலை இருக்குது. அறுந்து கெடக்கறத பாத்துட்டு எப்படிமா சும்மா வர்றது?"

நான் குழிக்குள்ளேயே நின்றேன். ஏறி வர வெட்கமாக இருந்தது. அறை வேண்டும் என்று கெடு வைத்த அதே மனுஷன், அந்த அறையின் மெஷின் ஓடட்டும் என்று குழியில் உட்கார்ந்து எட்டு இழையையும் பிணைத்திருக்கிறார். யாரோ கைய வைக்கிறாங்க என்று நான் கத்தியபோதும் பின்கட்டில் வாயைத் திறக்கவில்லை.

வண்டியில் புதுக் கேபிள் இருந்தது. இந்த முறை குழிப்பக்கமே போகாமல் சுவர்மேல் பைப்புக்குள் இழுத்தேன். பைப்புக்கு ஆணி அடித்தது பாவாதான். நான் அடித்தது கோணலாக இருக்கிறதாம். பிறகு அக்கா கிராஃபை அனுப்பினார். மேல்பாதி வந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை. கீழ்ப்பாதியும் வந்தது, ஒரு கட்டம் விடாமல்.

பாவா தாளைப் பார்க்கவில்லை. பழைய கேபிளின் அந்த முழத்தைக் கையில் வைத்து, கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்டி முறுக்கோட பிணைச்சிருந்தா ஓடியிருக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

அநேகமாக ஓடியிருக்கும் என்றேன்.

"ச்ச" என்றார். அறை போனதற்காக அல்ல என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, பலகையை மூடச் சொன்னார்.

அக்கா உள்ளே போனவர் வாசல்வரை திரும்பி வந்து, "பாவா, காபியா டீயா?" என்று கேட்டார்.