கோமதி அக்கா திரும்பப் பெற்ற படம்

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பஜ்ஜிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அம்மாவின் கைப்பேசி அடித்தது. அம்மா "ஆமா, சொல்லுங்க" என்றாள். கேட்டு முடித்ததும் கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு, தலை துவட்டிய துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்ம கோமதி போயிட்டாளாம்ட்டி. டெங்குக் காய்ச்சலுன்னு சொல்லுதாங்க. பெங்களூருல ஆஸ்பத்திரில இருந்திருக்கா, இங்கன யாருக்கும் தெரியல."

கடைக்காரர் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். சாரல் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்குக் கோமதி அக்காவைத் தெரியும். தென்காசியில் எங்கள் தெருவில்தான் வீடு. அவள் அப்பா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு அவர் அண்ணாச்சி, எனக்கு மாமா. அக்கா அவர்களுக்கு ஒரே பெண். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், அணுவிசை நுண்ணோக்கி என்ற கருவியைக் கொண்டு புரத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, "அது எவ்வளவு பெரிய லென்ஸ்?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். "அதுல லென்ஸ் வச்சுப் பாக்குறதே இல்லட்டி. தடவிப் பாக்குறது" என்றவள், என் துப்பட்டாவாலேயே என் கண்ணைக் கட்டி, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். எதிரே தட்டில் என்னவோ இருந்தது. பென்சில் நுனியால் மெல்லத் தடவினேன். மேடாக ஏறியது, நடுவில் பொத்தென்று இறங்கியது. "உளுந்தவடை!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்தாள். "திங்கிற பண்டத்துல பென்சிலக் குத்தி வெளயாடுதீங்களே, ரெண்டு கழுதைகளும்! படிச்சவ செய்யுத வேலையா இது?" அக்கா அந்த வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பெங்களூருலயும் இதத்தாம்மா செய்யுதேன். வடை கொஞ்சம் சின்னது."

அவளுடைய கருவியில் பென்சிலுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊசி. காக்கைப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காத் தகட்டின் மேல் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி அவற்றின் மேல் ஏறி இறங்குவதைக் கணினி படமாக வரையும்.

அப்படி வரைந்த ஒரு படத்தை ஒரு குற்றாலச் சீசனுக்குக் கொண்டுவந்தாள். கரும்பழுப்புத் தரையில் மஞ்சள் புள்ளிகள், இரண்டிரண்டாக; ஒன்று பெரிது, ஒட்டினாற்போல் இன்னொன்று சற்றுச் சிறிது. அவள் ஆராய்ந்த புரதம் தனியாக இருப்பதில்லை, ஜோடி சேர்ந்தே இருக்கிறது என்பதுதான் அவள் கண்டது. மாமா அதைச் சட்டம் போட்டு, கடையில் கலர் அட்டைகளுக்கு நடுவே மாட்டினார். பெயிண்ட் வாங்க வந்தவர்களால் தப்ப முடியவில்லை.

"அண்ணாச்சி, இதென்ன சுவத்துல பெயிண்டு பொரிஞ்சு கெடக்கு?"

"வே, அது எம்பொண்ணு எடுத்த படம். ஒத்தையா நிக்காது, ஜோடியாத்தான் நிக்கும். உலகத்துலயே மொதல்ல பாத்தது இவதான்."

"அப்போ இதுல மாப்பிள்ள யாரு, பொண்ணு யாரு?"

கடையே சிரிக்கும். ஊருக்கு வந்திருந்தால் அக்காவும் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

போன ஆண்டு ஆடி மாதம், விடுமுறை எதுவும் இல்லாத ஒரு நாளில் அக்கா வந்து நின்றாள். என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பண்பொழிப் பக்கம் போனாள். கணவாய்க் காற்று வண்டியையே தள்ளியது. ஒரு வயல் ஓரத்தில் நிறுத்தி, கீற்றெல்லாம் ஒரே பக்கம் பறந்துகொண்டிருந்த தென்னைகளைக் காட்டினாள்.

"எல்லாம் ஒரே பக்கமா சாயுதுல்லா? அது தென்னையோட கொணமா, காத்தோட கொணமா?"

"காத்தோடது."

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள்.

பிறகு சொன்னாள். மூலக்கூறுகள் தகட்டில் விழுவது எள்ளைச் சிந்தியதுபோல, ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடக்கும். அவளுடைய ஜோடிகளோ எல்லாமே ஒரே திசையைப் பார்த்தன. சந்தேகம் வந்து தகட்டைத் திருப்பி வைத்தாள். தகடு திரும்பியது, ஜோடிகள் திரும்பவில்லை. ஊசியை மாற்றினாள். ஜோடியே இல்லை; ஒவ்வொன்றும் தனியாகக் கிடந்தது. பழைய ஊசியின் நுனி உடைந்து இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரே மூலக்கூறை இரண்டு முறை தொட்டிருக்கிறது.

"நல்லா படம் வருதேன்னு அந்த ஊசிய மாத்தாமலே ஓட்டிட்டேன்ட்டி. ஊசி பொய் சொல்லல. அது தன்னப் பத்திச் சொல்லிருக்கு. நான்தான் மூலக்கூறப் பத்தின்னு நெனச்சிட்டேன்."

அந்த ஜோடிகளைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போக இருந்தது. கொஞ்சம் பொறுக்கலாம் என்று அவளுடைய நெறியாளர் சொன்னாராம். அக்கா பொறுக்கவில்லை. தவறு தன்னுடையது என்று தானே எழுதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். முனைவர் பட்டம் தள்ளிப்போனது. அதைச் சொன்னபோதுகூட அவள் குரல் மாறவில்லை. கடைசியில்தான் மாறியது. "அப்பாட்ட இன்னும் சொல்லல. நானே சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

அவள் சொல்லவே இல்லை.

அவள் இறந்த பிறகு தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "பட்டம் வரலன்னு மனசு விட்டுட்டா. அதான் காய்ச்சலு ஈசியாத் தூக்கிட்டு" என்று எங்கள் வாசலிலேயே ஒரு சித்தி சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் படம். சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"பிளெக்ஸ் அடிக்கக் குடுக்கணும்மா. அவ போட்டோ ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நீதான் தமிழ் நல்லா எழுதுவியே, கீழ ரெண்டு வரி எழுதித் தா. ஜோடியாத்தான் நிக்கும்னு அவ கண்டுபிடிச்சத அழகா எழுது. ஆய்வகத்துலேந்துல்லாம் ஆளு வாராங்க."

பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. எழுதினால் அவள் தன் கையால் அழித்ததை, அவள் படத்துக்குப் பக்கத்திலேயே நான் மறுபடி எழுதியதாகிவிடும். எழுதாவிட்டால் ஏனென்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. மாமா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது தப்புன்னு அக்காவே சொல்லிட்டா" என்றேன்.

பிளந்த ஊசியைப் பற்றித் தெரிந்தவரை சொன்னேன். முடிந்ததும், "எப்போ தெரிஞ்சுது அவளுக்கு?" என்றார்.

"போன வருஷம்."

"போன தீபாவளிக்கு வந்திருந்தாளே. கடையில நின்னா. வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் நான் சொன்னேன். அவ பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான இருந்தா." கையிலிருந்த படத்தைப் பார்த்தபடி, "நான் சொல்லச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார். சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுவதும் அழுதேன்.

பதினாறாம் நாள் பிளெக்ஸில் அக்காவின் முகம் மட்டும் இருந்தது. அவளோடு வேலை செய்த ஸ்ரீஜா என்பவர், கொல்லத்திலிருக்கும் தன் வீட்டிலிருந்து ரயிலில் செங்கோட்டை வந்து இறங்கியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து, அக்கா கடைசி வாரங்களில் எடுத்த படங்களைக் காட்டினார். தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள் வரை எடுத்திருக்கிறாள். வாசலில் பேசிய சித்தியும் எட்டிப் பார்த்தாள்.

மாமா திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். அழகாயிருக்கிறது என்றோ, என் பெண் எடுத்தது என்றோ சொல்லவில்லை.

"ஊசி சரியா இருந்துதான்னு பாத்தாளாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தா அங்கிள். ஊசி மாத்தி மாத்தி பாத்தா. தகடு திருப்பித் திருப்பி வச்சும் பாத்தா" என்றார் ஸ்ரீஜா.

மாமா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அத்தைதான் வந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அக்காவின் நினைவாக நான் எழுதும் இதைப் படிக்கும், அவளை அறிந்தவர்களே, அவளை நேர்மையானவள், தைரியமானவள் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அது உண்மை. ஆனால் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் தன் தவறைச் சொல்லிவிட்டவள், அப்பாவின் பக்கத்தில் நின்று, அவர் பெருமை பேசுவதைக் கேட்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோமதி அக்காவைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன். அவளை விட்டுவிட்டு எழுதினால், அவள் திரும்பப் பெற்ற படத்தைப் போல ஒன்றைத்தான் நானும் எழுதியிருப்பேன்.