ரெண்டு ஹார்ன்

"யாரு செஞ்சு குடுத்தது இந்த ஆப்?" என்று யாராவது கேட்டால் புனிதாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "நான்தான்" என்பாள். கேட்டவர்கள் நம்பாமல் அவளையும் அவளுடைய பழைய வெள்ளை வேனையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு தடவை சொல்வாள். "நானேதான் லா. ஆள் வெச்சா செய்வாங்க?"

கிள்ளானில் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் எடுத்தாள். இன்று அவள் வேனில் இருபத்து மூன்று பிள்ளைகள். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பிள்ளை ஏறும். அதற்குள் ஏழு அம்மாக்கள் போன் அடித்திருப்பார்கள். "அக்கா, எங்க இருக்கீங்க?" "அக்கா, தம்பிக்குக் காய்ச்சல், இன்னிக்கு வராது." ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டே வளைவில் திரும்பியபோது ஒரு மோட்டார்சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரம் ஒரு ஏ.ஐ. கருவியோடு உட்கார்ந்தாள். ஆளிடம் சொல்வதுபோலவே சொன்னாள். "பிள்ளை ஏறினதும் நான் ஒரு பட்டன் தட்டுவேன், அம்மாவுக்கு மெசேஜ் போகணும்." அது எழுதியது. சிவப்பில் ஏதாவது பிழை வந்தால் அதையே படம் பிடித்து அனுப்பினாள். அது மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. உள்ளே ஓடுகிற எழுத்தில் ஒரு வரிகூட அவளுக்கு விளங்கவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டா வேன் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டே மாதத்தில் இன்னும் ஆறு வேன்காரர்கள் அதே ஆப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கம்போங் மேடானில் ஒருவர், ஸ்ரீ கெம்பாங்கானில் தம்புசாமி அண்ணன், இப்படி. "நம்மகிட்ட ஒரு இன்ஜினியரே இருக்கு" என்று தம்புசாமி வேன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார்.

ஆப் வரும்வரை பிள்ளைகளின் விவரமெல்லாம் அவளுடைய சின்ன 555 நோட்டில் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்தப் பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம். வேனின் கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கும் நோட்டை அவளைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. ஆப்பில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. நோட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் அதில் ஏற்றினாள்.

அதில் ஒன்று மாதவியின் மகள் யஷ்விதாவைப் பற்றியது. மாதவி போன வருடம் கணவன் குகனிடம் அடிபட்டு, கை உடைந்து, நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளானுக்கு ஓடி வந்தவள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. புனிதா எழுதியிருந்தாள்: 'சி பிளாக். ரெண்டு ஹார்ன் அடித்தால்தான் பிள்ளை இறங்கும். அப்பா வந்து கேட்டால் கொடுக்கக் கூடாது.'

ஒரு சனிக்கிழமை வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது யுகேந்திரன் வந்தான். அவனுடைய பையன் அவள் வேனில்தான் பள்ளிக்குப் போகிறான். யுகேந்திரனுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி வேலை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத கொஞ்சம் பாருங்க." அவள் பெற்றோருக்கு அனுப்பிய லிங்க்கைத் திறந்தான். கடைசியில் 1 என்று இருந்தது. அதை அழித்து 2 போட்டான். தம்புசாமி வேனின் பக்கம் திறந்தது. பிள்ளைகளின் பெயர், ஏறும் இடம், போன் நம்பர், குறிப்பு. "பாஸ்வர்டு கேக்கவே இல்ல, பாத்தீங்களா?"

"அம்மா அப்பாவுக்குத்தானே லிங்க் குடுத்தோம்? யாரு போய் நம்பர மாத்திப் பாக்கப் போறா?"

"நான் மாத்தினேனே அக்கா."

புனிதா குழாயை மூடினாள்.

"இப்பவே நிறுத்திடுங்க. தெரிஞ்ச ஆள் ஒருத்தர முழுசா பாக்கச் சொல்றேன். அப்புறம், அப்பாகிட்ட குடுக்கக் கூடாதுன்னு நீங்க எழுதினதும் இதுல தெரியுது, யஷ்விதா அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க."

அவன் போனதும் ஏ.ஐ.யிடம் சொன்னாள். "பாஸ்வர்டு போடு. யாரும் பாக்கக் கூடாது." நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: முடிந்தது, உங்கள் செயலி இப்போது பாதுகாப்பாக உள்ளது. ஆப்பைத் திறந்து பார்த்தாள். பாஸ்வர்டு கேட்டது. மூச்சு வந்தது. முன்வாசலில் பூட்டு தொங்குவதைப் பார்த்தவள் பின்வாசலைத் தள்ளிப் பார்க்கவில்லை.

மாதவியைக் கூப்பிட இரண்டு தடவை போனை எடுத்தாள். சொன்னால் குழுவே பற்றி எரியும். ஆறு வேன்காரர்களும் கேள்வி கேட்பார்கள். இன்ஜினியர் என்று சொன்ன அதே வாயால் தம்புசாமி சிரிப்பார். பூட்டியாச்சே, இனி எதற்கு அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவது என்று போனைக் கீழே வைத்தாள். ஞாயிறு போனது. திங்களும் போனது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. நான்கு பிள்ளைகளோடு வேன் சி பிளாக் முன்னால் நின்றது. ஹார்னில் கை வைக்குமுன் ஓட்டுநர் பக்க ஜன்னலோரம் ஓர் ஆள் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் புதுப் பள்ளிப் பை.

"குட் மார்னிங் அக்கா. நான் யஷ்விதா அப்பா."

புனிதா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தங்கச்சி பிள்ளையும் ஸ்ரீ கெம்பாங்கான்ல வேன்லதான் போவுது. அதே ஆப்பு. நீங்கதான் செஞ்சீங்களாமே? நல்லா செஞ்சிருக்கீங்க. எல்லாமே இருக்கு." சிரித்தான். "என்கிட்ட குடுக்கக் கூடாதுன்னுகூட இருக்கு."

"தள்ளிப் போங்க. இல்லன்னா போலீஸ கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க." ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டு ஹார்னை அமுக்கினான். ஒன்று. இரண்டு.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, தினமும் இறங்குகிற மாதிரியே, படியை எண்ணிக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே தண்ணீர் போத்தலோடு மாதவி.

புனிதா அவன் கையைத் தட்டிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் ஹார்னை அழுத்தினாள். கையை எடுக்கவே இல்லை. வேனுக்குள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. மேலே விளக்குகள் எரிந்தன. "ஓய்! என்னா அது?" என்று யாரோ கத்தினார்கள். படியில் மாதவி நின்றுவிட்டாள். அவனைப் பார்த்தாள். மகளின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள். தண்ணீர் போத்தல் மட்டும் படிப்படியாக உருண்டு கீழே வந்தது.

இரண்டு ஆண்கள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வருவதைப் பார்த்துக் குகன் பின்வாங்கினான். "வீடு தெரிஞ்சுபோச்சு லா அக்கா. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் புனிதா பெற்றோருக்கு அனுப்பிய பழைய லிங்க்கைத் தொட்டாள். பாஸ்வர்டு கேட்காமலே திறந்தது. "எல்லாத்தையும் எடுத்துடு" என்றாள். ஏ.ஐ. எடுத்தது. இதுவரை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். அப்படி ஒரு பதிவு வைக்கப்படவில்லை, வேண்டுமானால் இனிமேல் வைக்கிறேன் என்றது.

போலீஸ் நிலையத்தில் மாதவி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உட்காரும் வயதைத் தாண்டிய பிள்ளை, கால் தரையைத் தொட்டது.

"அவனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

புனிதா சொன்னாள். ஆப், லிங்க், யுகேந்திரன், ஒன்றையும் மறைக்கவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை."

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை."

"பூட்டிட்டேன்னு நெனச்சேன் மா. அது பூட்டியாச்சுன்னு சொல்லுச்சு."

"என்கிட்ட சொல்லியிருந்தா சனிக்கிழமையே வேற எங்கயாவது போயிருப்பேன்." மாதவி குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு புனிதா பக்கம் திரும்பவும் இல்லை.

புகார் எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து, இந்த ஆப்பைச் செய்தது யார் என்று மலாயில் கேட்டார். ஏ.ஐ. செய்தது என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

"சாயா, புவான்" என்றாள். நான்தான்.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். தட்டச்சு செய்தார். இன்னும் எத்தனை பிள்ளைகளின் விவரம் அதில் இருந்தது என்று கேட்டார்.

தன் வேனின் இருபத்து மூன்றையும் பெயர் சொல்லி ஒப்பிப்பாள் புனிதா. மற்ற ஆறு வேன்களில் எத்தனை பிள்ளைகள், அந்தக் குறிப்புக் கட்டங்களில் என்னவெல்லாம் எழுதியிருந்தது, எந்தப் பிள்ளை யாருக்குத் தெரியாமல் எங்கே இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தெரியாது" என்றாள்.