லூர்து மேரி பார்த்த புயல்கள்

மே மாதம் பிறந்தால் லூர்து மேரிக்குத் தூக்கம் கெட்டுவிடும். மும்பை செம்பூரின் வாஷி நாகா சந்துகளில் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் மகள் லிசாவின் பின்னாலேயே நிற்பாள். "போன்ல பாரு மக்ளே, கடல்ல ஏதாவது சுத்துதா?" லிசா அலுத்துக்கொண்டே பார்ப்பாள். "நஹீம்மா, ஒண்ணும் இல்ல." அந்த "ஒண்ணும் இல்ல" ஒரு நாள் தாங்கும். மறுநாள் காலையில் மறுபடி கேட்பாள்.

பிறந்தது குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். அப்பா, சித்தப்பா, தம்பி சாஜன், எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மீன்பிடிக்காத ஒருவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லி, பம்பாயில் வேலை பார்த்த ஞானசீலனைக் கட்டிக்கொண்டாள். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவன் வேலையும் கடலில்தான் என்று. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற இடங்களுக்குக் குழாய் பதிக்கப் போகும் பார்ஜ் என்ற பெரிய மிதவையில் அவன் ரிக்கர். கிரேன் தூக்குகிற பாரத்தைக் கம்பிக் கயிற்றால் கட்டிவிட்டு அவிழ்த்துவிடுகிற வேலை. மழைக்காலம் முடிந்ததும் ஏறினால் அடுத்த மழைக்கு முன்னால்தான் இறங்குவான். "இது கப்பல் மாதிரி இல்ல, மிதக்கிற கட்டடம். ஆடாது," என்று முதல் வருஷமே சொல்லிவைத்தான். அவள் நம்பவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை.

மும்பையில் அவள் பார்த்த முதல் புயல் பியான். லிசா அப்போது பள்ளிக்கூடம் போகிற குழந்தை. எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். கூரைத் தகரமான பத்ராவின் மேல் கல்லும் பழைய டயரும் தூக்கி வைத்தார்கள். காற்று வந்தது, மழை கொட்டியது, போய்விட்டது. "மும்பைய எந்தப் புயலும் தொடாது, எல்லாம் பக்கத்துல வந்து திரும்பிடும்" என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு ஒக்கி வந்தது. அது மும்பைக்கு வந்த புயல் அல்ல. அவளுடைய ஊருக்கு வந்தது. முன்னறிவிப்பு கரைக்கு வந்து சேரும்போது படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. சாஜன் போன படகும் அதில் ஒன்று. நாலைந்து நாள் கழித்து ஊரிலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். "மைனி, நம்ம ஆளுங்க படகு கொஞ்சம் அங்க மகாராஷ்டிரா பக்கம் ஒதுங்கியிருக்காம். தேவ்கட்னு சொல்றாவ. உங்களுக்குக் கிட்டக்கயா?"

கிட்டத்தில் இல்லை. ஆனாலும் அன்றே கொங்கண் ரயிலைப் பிடித்து, கண்கவலியில் இறங்கி, பஸ் மாறி தேவ்கட் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வரிசையாகப் படகுகள் நின்றன. பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர்களில் பாதி அவள் சிறுவயதிலிருந்து பார்த்த பெயர்கள். ஆட்களின் உதடுகள் உப்பில் வெடித்துக் கிடந்தன. அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு மராத்தி தெரியாது. அவள்தான் நடுவில் நின்று பேசினாள்.

"எக்கா, சோறு பொறவு தரட்டும். போன் ஒண்ணு தரச் சொல்லுங்க. வீட்டுல செத்துட்டோம்னு நெனச்சிருப்பாவ."

போன் வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொருவனும் வீட்டுக்குப் பேசி அழுவதைக் கேட்டுக்கொண்டே அடுத்த படகுக்குப் போனாள். கடைசியில், சாஜனைத் தெரிந்த ஒருவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாஜன் வள்ளம் கமந்தத நாங்க பாத்தோம் எக்கா. மேல ஏறி இருந்தானுவ. கயிறு எறிஞ்சோம். காத்து அந்தக் கயித்த எங்க மேலயே திருப்பி எறிஞ்சிச்சு."

சாஜன் உடல் கிடைக்கவே இல்லை. அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து விவரம் கேட்பதற்குப் பல நாள் முன்பே, அந்தத் துறைமுகத்தில் நின்றபடி அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கடலில் நடந்ததைக் கடலில் இருந்தவன்தான் முதலில் சொல்வான், ஆபீசில் இருப்பவனுக்குக் கடைசியில்தான் தெரியும் என்பது அன்றைக்கு அவள் மனதில் ஊன்றிப்போனது.

கொரோனா வந்த வருஷம் ஜூன் மாதம் நிசர்கா. ஊரடங்கு, வேலையில்லை, ஞானசீலன் வீட்டில் இருந்தான். மும்பையைத்தான் அடிக்கப்போகிறது என்று டிவி இரண்டு நாள் அலறியது. அது தெற்கே திரும்பி அலிபாக், ஸ்ரீவர்தன் பக்கம் கரை ஏறியது. மாலையில் சந்து முழுக்கச் சிரிப்பு. லிசாகூட, "குச் நஹீ ஹுவா மம்மி, சும்மா டென்ஷன் ஆனீங்க" என்றாள்.

"நமக்கு ஒண்ணும் ஆகல. ஸ்ரீவர்தன்ல கூரை இல்லாம நிக்கிறாங்க, அதப் பாரு," என்றாள் லூர்து மேரி. இவள் எந்தச் சந்தோஷத்திலும் ஒரு குறை கண்டுபிடிப்பாள் என்று ஞானசீலன் முணுமுணுத்தான்.

அடுத்த மே மாதம் டவ்தே.

அப்போது அவள் ஒரு கோவிட் மையத்தில் ஆயா வேலை பார்த்தாள். மைதானத்தில் கூடாரம் போட்டு, உள்ளே கட்டில் கட்டிலாக ஆக்சிஜன் குழாய் இழுத்திருந்த இடம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஞானசீலன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பார்ஜில் இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

"ஏங்க, எல்லா பார்ஜும் கரைக்கு வருதாமே?"

"வர்றது வருது. நம்மள எண்ணெய்ப் பிளாட்பார்ம விட்டுக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கச் சொல்லிட்டாங்க. பெரிய காத்து இந்தப் பக்கம் வராதாம்."

"யாரு சொன்னா?"

"மேல இருக்கிறவங்க."

"மேலன்னா? கடல்ல இருக்கிறவனா, ஆபீஸ்ல இருக்கிறவனா?"

"நான் என்ன செய்ய மேரி? எறங்கிப் போறேன்னு சொன்னா நடுக்கடல்ல ரிக்‌ஷாவா நிக்குது?"

"லைஃப் ஜாக்கெட்டத் தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுங்க," என்றாள்.

"சரி," என்றான்.

அதுதான் அவளைக் கலக்கியது. அவள் சொன்னதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவன் சரி என்று சொன்னதே கிடையாது.

மறுநாள் கூடாரத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. காற்றில் கூடாரம் நிற்காது. நோயாளிகள் எல்லோரையும் கட்டட ஆஸ்பத்திரிகளுக்கு மாற்ற வேண்டும். ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. நர்ஸ் சஃபீனா சிலிண்டரைத் தள்ள, லூர்து மேரி கட்டிலைத் தள்ளினாள். பிபிஇ உடைக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. ஒவ்வொரு கட்டிலையும் ஏற்றிவிடும்போது அவளுக்கு ஒரே நினைப்பு: இவர்களை ஏற்றிப்போக வண்டி வந்திருக்கிறது, அங்கே கடலில் நிற்கிறவர்களுக்கு ஏன் யாரும் அனுப்பவில்லை?

மாதுங்காவைச் சேர்ந்த வைத்தீஸ்வரன் என்ற பெரியவர் அவள் கையுறையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எங்கே அழைச்சுண்டு போறேள்? ஆத்துக்குச் சொன்னேளா?"

"சொல்லியாச்சு ஐயா. புயல் வருது, அதான்."

"எனக்கு எட்டு வயசில் ஒண்ணு வந்தது. நாப்பத்தெட்டாம் வருஷம், இதே ஊர்ல. எங்க தெருவில் மரமெல்லாம் வேரோட சாஞ்சுடுத்து. அப்பா மறுநாள்தான் ஆத்துக்கு வந்தார். அம்மா வாசல்லயே நின்னா." மூச்சு வாங்க நிறுத்தினார். "இந்த ஊருக்குப் புயல் வராதுன்னு யார் சொன்னாலும் நம்பாதேள்."

ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ. அவள் கட்டிலை இன்னும் வேகமாகத் தள்ளினாள்.

திங்கட்கிழமை காற்று வந்தது. நோயாளிகளோடு அவளும் மாற்றப்பட்டிருந்த ஆஸ்பத்திரியில் ஜன்னல் கண்ணாடிகள் நாள் முழுக்கக் கடகடவென்று அடித்தன. வளாகத்து மரம் ஒன்று முறிந்து கார் மேல் விழுந்தது. ரயில்கள் நின்றுவிட்டன. மதியம் லிசா கூப்பிட்டாள்.

"அம்மா, வீட்டுல ரெண்டு பத்ரா பறந்துடுச்சு. நான் பக்கத்து ஆன்ட்டி வீட்டுல இருக்கேன். பப்பாக்குப் போன் போகவே மாட்டேங்குது. நியூஸ்ல…" அவள் குரல் உடைந்தது. "ஏதோ பார்ஜெல்லாம் கயிறு அறுந்து போகுதுன்னு சொல்றாங்க."

"நீ அந்த வீட்ட விட்டு வெளிய வராத," என்று மட்டும் சொன்னாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து வைத்தீஸ்வரனுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஸ்பூன் அவர் பல்லில் இடித்தது.

செவ்வாய்க்கிழமை ஞானசீலனின் பார்ஜ் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்தது. கம்பெனி கொடுத்திருந்த எண்ணில் ஒருவன் திரும்பத் திரும்ப, "ரெஸ்க்யூ சல் ரஹா ஹை மேடம்," மீட்பு நடந்துகொண்டிருக்கிறது என்றே சொன்னான். அவனுடைய பெயரைக் கேட்டதும் லைனை வைத்துவிட்டான். அதற்கு மேல் அவள் போன் செய்யவில்லை. புதன்கிழமை காலை லிசாவையும் கூட்டிக்கொண்டு, ஆட்களைக் கடற்படைக் கப்பல் கொண்டுவந்து இறக்குகிறது என்று சொன்ன ஃபோர்ட் பக்கத்துத் துறைமுக வாசலுக்கே போய் நின்றாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவளைப் போல நிறையப் பேர் அங்கே நின்றார்கள். பெங்காலியில், இந்தியில், மலையாளத்தில் பேசினார்கள். பிழைத்தவர்களை ஏற்றிய பஸ் வெளியே வந்தபோது மற்றவர்கள் போலீஸ்காரரிடம் கேட்டார்கள். லூர்து மேரி பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடி, ஒவ்வொரு ஜன்னலையும் தட்டி, "ஞானசீலன்! ரிக்கர் ஞானசீலன்! யாராவது பாத்தீங்களா?" என்று கத்தினாள்.

ஒரு ஜன்னல் திறந்தது. போர்வை போர்த்திய ஒருவன் எட்டிப் பார்த்தான். "சீலன் அண்ணன் வீட்டுக்காரம்மாவா? நான் செல்வம், ஃபிட்டரு, தாராவி."

"அவரு எங்க?"

"தண்ணியில ஒண்ணாத்தான் கெடந்தோம் அக்கா. தனித்தனியாப் போனா யாரும் தேட மாட்டான்னு சொல்லி பெல்ட்டால எங்க எல்லாரையும் சேத்துக் கட்டினாரு. பேசிட்டே இருங்கடான்னு திட்டிட்டே இருந்தாரு."

"இப்ப எங்கன்னு கேக்குறேன்!"

செல்வம் உதட்டைக் கடித்தான். "ஒரு பெரிய அலையில கட்டு அவுந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் பாக்கல."

பஸ் நகர்ந்துவிட்டது. தேவ்கட் துறைமுகத்தின் மீன்வாடை, இந்த வாசலில் துளிகூட இல்லாத அந்த வாடை, அவள் மூக்கில் ஏறியது. லிசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "சலோ மம்மி, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

"நீ போ. நான் வர மாட்டேன்."

லிசாவும் போகவில்லை. இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். யாரோ வடாபாவ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது மடியிலேயே நனைந்து கூழானது. பிற்பகலில் இன்னொரு கப்பல் வந்திருக்கிறது என்றார்கள். இந்தத் தடவை சிலர் நடந்தே வெளியே வந்தார்கள். அதில் ஒருவன், தனக்குப் பொருந்தாத கால்சட்டையும் பனியனும் போட்டு, முன்னால் போனவன் தோளில் கை வைத்து வந்தான். உப்பிலும் டீசலிலும் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நடையை வைத்து லிசாதான் முதலில் கண்டுபிடித்தாள். "பப்பா!"

ஞானசீலன் குரல் வந்த பக்கம் திரும்பினான். லூர்து மேரி அவன் கையைப் பிடித்தாள். தோல் ஊறி வெளுத்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"செல்வம் வந்துட்டானா?" என்றான்.

"வந்துட்டான். பேசினேன்."

"மத்தவங்க?"

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். அவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் சேர்த்துக் கட்டியவர்களில் இரண்டு பேர் வரவில்லை. மழைக்காலம் முழுவதும் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூரை மேல் மழை பலமாக விழுந்தால் எழுந்து வாசலில் போய் நின்றுவிடுவான். தெரிந்தவர் சொல்லி டிராம்பேயில் ஒரு கிரேன் யார்டில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் போனான். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "அக்டோபர்ல ஒரு பார்ஜ் போகுது," என்றான்.

லூர்து மேரி கத்துவாள் என்று லிசா எதிர்பார்த்தாள். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, "போங்க. மே பொறக்குறதுக்கு முன்னால எறங்கிடணும். யாரு என்ன சொன்னாலும்," என்றாள்.

"கம்பெனி ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கிற கம்பெனியில சேருங்க."

தேடி, அப்படி ஒன்றில் சேர்ந்தான். சொன்னபடி ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு வந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் எரிந்து விழுந்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. ஜூனில் பிபர்ஜாய் என்று அடுத்த பெயர் வந்தது. அன்றைக்கே செல்வத்தின் மனைவி தாராவியிலிருந்து போன் செய்தாள். செல்வம் வேறொரு பார்ஜில் இன்னும் கடலில்தான் இருந்தான். "அக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்களாம்."

"சொல்றவன் பேரக் கேளு. கம்பெனிக்கு நேராப் போ. தனியாப் போகாத, நான் வரேன்," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பேரும் போய் ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் போனதாலோ, கம்பெனி முன்பே முடிவு செய்திருந்ததாலோ, அந்த பார்ஜ் மறுநாள் கரைக்குத் திரும்பியது. செல்வம் வீடு வந்து சேர்ந்துவிட்டான்.

புயல் பல நாள் கடலிலேயே சுற்றிவிட்டு வடக்கே குஜராத் பக்கம் போனது. மும்பையில் அலை மட்டும் கரையேறி அடித்தது. அன்று மாலையும் லூர்து மேரி லிசாவின் பின்னால் போய் நின்றாள்.

"இன்னும் என்னம்மா? அது கட்ச் போயிடுச்சு. நமக்கு அங்க யாருமே இல்ல."

"தெரியும். நீ பாரு. எங்க கரை ஏறுதுன்னு சொல்லு."