தலையாட்டும் வேலை

சலவை மெஷினில் போடுவதற்கு முன் கணவரின் உடுப்புப் பைகளைத் துழாவுவது அவள் வேலை. லேத் பட்டறைக்காரரின் பையில் திருகாணியும் இரும்புத்தூளும் தவிர வேறென்ன அகப்படும்? பட்டறையிலேயே தொங்கிக் கிடந்து, எப்போதாவது வீட்டுக்கு வரும் நீல மேலுடைக்குள் அன்று ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று முந்தைய அட்டை தீர்ந்ததும் போன மாதம் அவளே கொடுத்தனுப்பிய பிரஷர் மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கூடத்துக்கு வந்தாள். கணவர் முக்காலியில் காலை நீட்டியிருந்தார். கேட்க வாயெடுத்தவள் சமையலறைக்குத் திரும்பி அடுப்பை அணைத்தாள். அது ஏற்கெனவே அணைந்துதான் கிடந்தது.

தெருவில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர். துணிக்கடையில் விரித்து மடித்துக்கொண்டிருந்தவளை, பேச்சுக்கொடுக்கும் சாமர்த்தியத்தைப் பார்த்து ஓர் ஆய்வுக்குழு வேலைக்கு எடுத்துக்கொண்டது. டாக்டர் நோயைப் பார்ப்பார். இந்தக் குழுவுக்கோ, நோயாளி அதை எதனால் வந்ததென்று நினைக்கிறார், முதலில் யாரிடம் சொல்கிறார், மருந்தை ஏன் நிறுத்துகிறார் என்பதெல்லாம் வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்பது அவள் பாடு. குழுத் தலைவி முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாரையும் திருத்தாதீங்க. திருத்தினா வாயை மூடிக்குவாங்க. தலையாட்டுங்க, 'அப்புறம்?'னு கேளுங்க, போதும்."

காதில் காற்றுப் புகுந்துதான் தனக்குச் சர்க்கரை வந்தது என்று ஒருவர் சொன்னபோதும் சிரிக்காமல் தலையாட்டினாள். நாளடைவில் அந்த ஆட்டம் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பேரம் பேசப் போய், காய்காரர் சொன்ன விலைக்கெல்லாம் ஆட்டிவிட்டு வந்ததும் உண்டு.

மறுபடி கூடத்துக்கு வந்து அட்டையை நீட்டினாள். "இதை ஏங்க போடலை?"

"உன்கிட்டதான் சொன்னேனே! அதைப் போட்டா கை நடுங்குது, மெஷின்ல நிக்க முடியலை, நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்னு. நீ தலையாட்டினியே!"

ஆட்டியிருந்தாள். சாப்பாட்டு நேரம், 'அப்புறம்?' என்றுகூடக் கேட்டிருந்தாள்.

"அது சரின்னு ஆட்டினது இல்லைங்க. பழக்கதோஷம்."

"கட்டினவன்கிட்டயுமா?"

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ஊர் வாயைக் கிளறப் போன அம்மா வீட்டு வாயைக் கோட்டை விட்டுட்டாங்க!"

"நீ வாயை மூடுடி." அவள் முக்காலியைப் பார்த்தாள். "கணுக்கால் வீங்கியிருக்கே."

"ஷூ இறுக்கம்."

கழுத்து அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஷூவும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்க அண்ணனும் இப்படித்தான் தானா நிறுத்தினாரு. வாய் கோணிப் படுத்தவரு எழுந்திருக்கலை."

"அடேங்கப்பா! யாரையும் திருத்தக் கூடாதுன்னு உங்க மேடம் சொன்னாங்களே?"

"அது மத்தவங்க வீட்ல."

அவர் சிரிக்கவில்லை. விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். "கை ஒரு மயிரிழை ஆடினா இரும்பு வீணாயிடும். ஆடுற கைக்கு எவன் வேலை குடுப்பான்?"

"நடுங்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை தருவாரு. சொன்னாத்தானே தெரியும்? படுக்கையில விழுந்துட்டா மட்டும் வேலை இருக்குமா?" குரல் உடையப் பார்த்தது, அதட்டலாக மாற்றிக்கொண்டாள். "இன்னைக்கே போகணும். வர்றீங்களா, இல்லையா?"

அவர் காலை இறக்கினார். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே போனார். "அந்த அட்டையையும் எடுத்துக்கிட்டு வா, டாக்டர் கேப்பாரு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.