என்னை அரண்மனையில் பெண் பார்த்தார்கள்

எனக்கு முப்பத்தொரு வயது நடந்தபோது, பெண் பார்க்கும் சடங்கை எங்கள் வீட்டார் வீட்டுக்கு வெளியே மாற்றினார்கள். அதற்குள் நான்கு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊரான அருமனைக்கு வந்து, ஏத்தங்காய் வறுவலும் அச்சப்பமும் தின்று, "போய்ட்டு சொல்லுதோம்" என்று எழுந்து போயிருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கார் வந்துபோன மறுநாளும் எதிர்வீட்டு அக்கா மட்டும் தவறாமல் வந்து, "என்ன சொன்னாவ?" என்று விசாரித்தாள். இன்னொரு முறை அவளுக்குப் பதில் சொல்ல அம்மாவுக்குத் தெம்பில்லை.

ஐந்தாவது மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் வேலை. இரண்டு மாத லீவில் வந்திருந்தார். எங்கே வைத்துப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. சர்ச்சில் பார்த்தால் ஆராதனை முடிவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். திற்பரப்பு அருவிக்கு வரச் சொல்லலாமா என்று கேட்டார் தரகர்.

"துண்டு கெட்டிக்கிட்டு குளிக்கியவன் நடுவில வச்சா பொண்ணு பாக்கது?" என்றாள் அம்மா.

கடைசியில் அரண்மனையைச் சொன்னவர் என் சித்தப்பா. அவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த அந்த மர அரண்மனை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்றாலும் பராமரிப்பு கேரள அரசுடையது. தெரிந்த முகம் ஒன்றுகூட வராது, எல்லாம் டூரிஸ்ட்தான் என்று சித்தப்பா சத்தியம் செய்தார். அதோடு, வெளியூர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு ஏழெட்டு தடவை போனவர் என்பதால் அரண்மனையைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு. விளக்கம் சொல்ல ஒரு புதுக் குடும்பம் கிடைக்கிறதே என்ற ஆசையும் அதில் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, டிக்கெட் கவுண்டர் முன்னால் இரண்டு குடும்பமும் சந்தித்தோம். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அவர்கள் பக்கம் மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் அப்பா போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். மாப்பிள்ளை போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்து இருந்தார். வணக்கம் சொல்வதா ஸ்தோத்திரம் சொல்வதா என்று இரண்டு வீட்டாரும் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, செருப்பைக் கழற்றி வைக்கிற வேலையில் மும்முரமானோம்.

ஏற்பாடு இதுதான். எல்லோரும் சேர்ந்து உள்ளே போவது. பாதி சுற்றியதும் பெரியவர்கள் முன்னால் நடந்துவிடுவது. நானும் மாப்பிள்ளையும் பத்து நிமிஷம் தனியாக நின்று பேசுவது. ஆனால் அந்த அரண்மனையில் நிற்க முடியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு அறையிலும் காவலுக்கு ஒரு ஆள் உண்டு. வழி ஒன்றுதான், போனால் திரும்ப முடியாது. யாராவது ஒரு தூணைப் பார்த்துக் கொஞ்சம் நின்றால், "நிக்கண்டா, முன்னோட்டு போய்க்கோ" என்று மலையாளத்தில் விரட்டுவார்கள்.

முதல் கூடத்திலேயே சித்தப்பா ஆரம்பித்தார். கூரையில் செதுக்கிய பூக்கள், பித்தளைத் தொங்குவிளக்கு, கட்டில் எந்தெந்த மூலிகை மரத்தில் செய்தது, எல்லாவற்றையும் சொன்னார். போஸ்ட் மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் "கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லி வந்தார். அவரும் தன்னை இந்த விஷயத்தில் சாமானியமாக நினைக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. மாடியில் கறுப்புக் கண்ணாடிபோல் மின்னுகிற தரைக்கு வந்தபோது அது வெளியே வந்தது.

"இது முட்டை வெள்ளக்கருவும் செரட்டைக் கரியும் போட்டு தேச்சதாக்கும்" என்றார் சித்தப்பா.

"செரட்டைக் கரி உண்டு. முட்டை கெடயாது" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"முட்டை இல்லாம இந்த மினுக்கம் எப்படி வரும் அண்ணாச்சி?"

"மேல் மாடியில சாமிக்கு அறை கட்டி வச்ச ராஜா. அவரு வீட்டுத் தரையில முட்டையைப் பூச விடுவாரா? கொஞ்சம் யோசியுங்க."

இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். இருந்தாலும் ராஜாவின் ஆசாரத்தைக் காப்பாற்றுவதில் ஒருவரும், தரையின் மினுக்கத்தைக் காப்பாற்றுவதில் மற்றவரும் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள். என் அப்பா இடையில் புகுந்து, "பாதி முட்டை போட்டிருப்பானுவளா இருக்கும்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

சித்தப்பா நேரே காவலரிடம் போனார். "சேட்டா, இதில முட்டை உண்டா?"

காவலர் அவர் கையில் தீனி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். "முட்டை பப்ஸ் வெளியில கடையில கிட்டும். இவிட தின்னான் பாடில்ல."

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அம்மா சிரிக்கவில்லை. ஐந்தாவதும் போயிற்று என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் வந்து எங்கள்மேல் மோதியது. நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு சேர்த்து என்னையும் மாப்பிள்ளையையும் காவலர் அடுத்த வாசலுக்குத் தள்ளிவிட்டார். படி இறங்கி, ஒரு முடுக்கைத் தாண்டி, ஆயிரம் பேர் இருந்து சாப்பிட்டதாகச் சொல்கிற நீளமான ஊட்டுப்புரையில் போய் விழுந்தோம். பெரியவர்கள் மேலேயே முட்டையோடு நின்றுவிட்டார்கள்.

பிள்ளைகள் கத்திய கத்தலில் கூடம் அதிர்ந்தது. சேலையும் கண்ணாடியுமாக நான் நின்றதைப் பார்த்து அங்கிருந்த காவலர் என்னிடம் வந்தார். "டீச்சரே, குட்டிகளை ஒந்நு ஒதுக்கி நிறுத்து."

நான் கணக்கு டீச்சர்தான். அவர்களுடைய டீச்சர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"சத்தம் வரப்பிடாது. கையைக் கெட்டு. ரெண்டு வரிசையா நில்லு."

நாற்பது பிள்ளைகளும் கையைக் கட்டி வரிசையாக நின்றார்கள். இரண்டாம் வரிசையின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் நின்றார்.

"நீங்க எதுக்கு நிக்கியீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க தானே சொன்னீங்க" என்றார்.

அவர் விளையாட்டுக்கு அப்படி நிற்கவில்லை, நிஜமாகவே பயந்துதான் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிள்ளைகளும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் மூச்சிரைக்க அவர்களுடைய சொந்த டீச்சர் வந்து சேர்ந்து, வரிசையைப் பார்த்து அசந்து, எனக்கு நன்றி சொல்லி அழைத்துப் போனார்.

"நிக்கண்டா" என்றார் காவலர். அதனால் நடந்துகொண்டே பேசினோம். அந்தக் கூடத்தின் நீளம்தான் எங்களுக்குக் கிடைத்த தனிமை. முதல் பத்து தூணை நான் எண்ணிக்கொண்டே கடந்தேன். பிறகு அவர் சொன்னார்:

"ஒரு காரியம் சொல்லட்டா? நான் திரும்ப மஸ்கட்டுக்குப் போகப் போறதில்ல."

"வீட்டுல தெரியுமா?"

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன்."

"எங்க வீட்டுல உங்களைப் பாக்க வந்ததே நீங்க மஸ்கட்டுல இருக்கதுனாலயாக்கும்."

"தெரியும். அதுனாலதான் சொல்லுதேன். பொறவு ஏமாத்தினதா ஆயிரப்பிடாதுல்லா." பிறகு, வெயிலில் பதினொரு வருஷம் நின்றாயிற்று என்றும், மார்த்தாண்டத்தில் வயரிங் சாமான் கடை போட இடம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். கடை பேச்சு வந்ததும் குரல் மாறிவிட்டது. சுவிட்ச் எந்த அலமாரியில், பைப் எந்த மூலையில் என்றுகூடச் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே என்று நினைத்தேன். கூடத்தின் கடைசித் தூணில் வந்து நின்று, "உங்களுக்கு இதில சம்மதமா?" என்று கேட்டார். கடைக்கா கல்யாணத்துக்கா என்று தெரியாமலேயே நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து செருப்புப் போட்டபோது சித்தப்பாவும் போஸ்ட் மாஸ்டரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்துதான் அம்மா கேட்டாள்.

"ஏட்டி, உனக்காவது பிடிச்சுதா?"

"பிடிச்சுது" என்றேன். அம்மா நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலும் சம்மதம் என்று தரகர் வந்து சொன்னார்.

மஸ்கட் விஷயத்தை நானாகச் சொல்லவில்லை. அவர் வீட்டில் அவர்தானே சொல்ல வேண்டும். அன்றைக்கே, வீடு திரும்பும் வழியில் தன் அப்பாவிடம் சொன்னதாக அவர் இன்றும் சாதிக்கிறார். போஸ்ட் மாஸ்டர் மாமாவோ, அப்படி ஒரு பேச்சு வரவேயில்லை என்று அடித்துச் சொல்கிறார். வண்டியில் மாமா கோபத்தில் வேறெதையோ பேசிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்திருக்காது என்பது என் மாமியாரின் கட்சி. எப்படியோ, எங்கள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழிந்தும் மகன் பெட்டி கட்டாததைப் பார்த்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் விளங்கியது. அவர் மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் என்னை மட்டும் முறைத்தார்.

நான்காம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போனார். கடைக்குப் பார்த்திருந்த கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஷட்டர் கிழக்குப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னார். ஷட்டரைக் கிழக்கே மாற்றினோம்.